புளியமுத்தை உரசி மரபியல் நடத்தலாம்

மரபியலின் முன்னோடி மெண்டலின் பட்டாணிச் செடிகளில் நெட்டைக்கும் குட்டைக்கும் வந்த ‘மூன்றுக்கு ஒன்று’ என்ற விகிதத்தைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரே நாளில் மனப்பாடம் செய்துவிடுவார்கள். இரண்டு நெட்டைச் செடிகளைக் காட்டி, “ரெண்டும் உள்ளுக்குள்ளேயும் ஒண்ணுதானா?” என்று கேட்டால்தான் திணறுவார்கள். காரைக்குடிப் பக்கம் அறிவியல் நடத்தும் எனக்கு இதற்கு வழி காட்டியது தாயம். எங்கள் தெருவில் ஆச்சிமார் தாயம் ஆடுவதற்கு, புளியமுத்தை ஒரு பக்கம் மட்டும் கருங்கல்லில் உரசி வெள்ளையாக்கி வைத்திருப்பார்கள். அந்த முத்தே போதும்.

இரண்டு பிள்ளைகளுக்கு நான்கு முத்து வேண்டும். ஒரு பக்கம் உரசியது இரண்டு, உரசாதது ஒன்று, இரண்டு பக்கமும் உரசியது ஒன்று. புளி உடைக்கிற வீட்டில் கேட்டால் கொட்டான் (சின்ன ஓலைக்கூடை) நிறையக் கொடுப்பார்கள். உரசுவதைப் பிள்ளைகளிடமே விடுங்கள். தோல் போய் வெள்ளை தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். ரொம்பத் தேய்த்தால் ஒரு பக்கம் தட்டையாகி, முத்து எப்போதும் ஒரே மாதிரி விழும். முதல் வருடம் இதைக் கவனிக்காமல் விட்டேன், வகுப்பு முழுவதற்கும் கணக்குத் தவறிப்போனது. இப்போது ஒவ்வொரு முத்தையும் 20 தடவை உருட்டிப் பார்க்கிறோம். கறுப்பும் வெள்ளையும் ஏறக்குறையப் பாதிப் பாதி வராத முத்தை மாற்றிவிடுகிறோம்.

சரி, ஒரு முத்து ஒரு பட்டாணிச் செடி. உருட்டியதும் மேலே தெரிகிற பக்கம், அந்தச் செடி இனச்செல்லில் அனுப்புகிற அல்லீல், அதாவது ஜீனின் ஒரு வடிவம். கறுப்பு நெட்டைக்கு, அது பெரிய டி (T). வெள்ளை குட்டைக்கு, அது சின்ன டி (t). ஒரு பக்கம் உரசிய இரண்டையும் சேர்த்து 20 தடவை உருட்டி, ஒவ்வொரு தடவையும் ஜீனோடைப்பை, அதாவது சேர்ந்து விழுந்த இரண்டு அல்லீல்களை மட்டும் எழுதச் சொல்லுங்கள். செடி நெட்டையா குட்டையா என்கிற புறத்தோற்றத்துக்கான பத்தியை அப்புறம் நிரப்பலாம்.

அப்போது, கறுப்பும் வெள்ளையும் சேர்ந்த இடத்தில் ‘நடுத்தரம்’ என்று எழுதுகிற பிள்ளை கட்டாயம் இருக்கும். இங்கே அவசரப்படாதீர்கள். பட்டாணியில் உயரத்துக்கான இந்த ஜீன், ஜிப்ரலின் என்ற வளர்ச்சி ஹார்மோனை வேலை செய்கிற வடிவத்துக்கு மாற்றும் நொதியைத் தருகிறது. நல்ல பிரதி ஒன்று இருந்தாலே செடி நெட்டையாக வளரப் போதும். காரணத்தைச் சொன்னால் ‘ஓங்கு பண்பு’ வெறும் சொல்லாக நிற்காது.

ஒரு ஜோடிக்கு எட்டுக் குட்டை வந்து முகம் வாடும். எல்லோருடைய கணக்கையும் கரும்பலகையில் கூட்டுங்கள், விகிதம் மூன்றுக்கு ஒன்றை நெருங்கும். மெண்டலுக்கே 1,064 செடிகளில் 787 நெட்டை, 277 குட்டைதான் கிடைத்தன.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி அடுத்து வருவது. ஒரு பக்கம் உரசிய இரண்டு முத்தையும் ஒருவர் உருட்டிக் கொட்டானால் மூடிவிட்டு, ‘நெட்டை’ அல்லது ‘குட்டை’ என்று மட்டும் சொல்ல வேண்டும். மற்றவர் ஜீனோடைப்பைச் சொல்ல வேண்டும். குட்டை என்றால் சந்தேகமே இல்லை. நெட்டை என்றால் ‘கலப்பு’ (ஒரு பெரிய டி, ஒரு சின்ன டி) என்று சொல்கிறவர்தான் அதிகம் ஜெயிப்பார், ஏனென்றால் மூன்று நெட்டையில் இரண்டு கலப்பு. பிள்ளைகள் இதைத் தாங்களே கண்டுபிடிக்கட்டும்.

காது மடல், நாக்கு மடிப்பது என்று வீட்டாரை ஒப்பிடும் பயிற்சியை நான் வைப்பதில்லை. அவை ஒரே ஜீனால் முடிவாகும் பண்புகள் அல்ல. எங்கள் பக்கம் பிள்ளை கூட்டிக்கொள்ளும், அதாவது தத்தெடுக்கும் வழக்கமும் உண்டு. வகுப்பில் ஒரு குழந்தைகூட அப்பா அம்மா முகத்தோடு தன் முகத்தை ஒத்துப் பார்த்துக் கலங்கக் கூடாது.

கடைசியாகச் சோதனைக் கலப்பு, அதாவது நெட்டைச் செடியைக் குட்டையோடு இணைத்து அதன் உள்ளே இருப்பதைக் கண்டுபிடிப்பது. உரசாத முத்தோ ஒரு பக்கம் உரசியதோ, ஒன்றைக் கொட்டானுக்குள் மறைத்து, இரண்டு பக்கமும் உரசியதோடு ஐந்து தடவை உருட்டி, புறத்தோற்றத்தை மட்டும் சொல்லச் சொல்லுங்கள். ஒரு குட்டை வந்தாலே உள்ளே இருப்பது கலப்பு. ஐந்தும் நெட்டையாக வந்தால்? கலப்பு முத்தும் 32-இல் ஒரு தடவை அப்படி விழும். ஆறாவது தடவை உருட்டப் பிள்ளைகள் கேட்பார்கள். மணி அடித்திருந்தாலும் விடுங்கள்.