பிள்ளைக்குக் கொலோனோஸ்கோப்பியா? முந்தின நாள் செய்ய வேண்டியவை

மலத்தில் ரத்தம் போகிறது, கொலோனோஸ்கோப்பி (ஆசனவாய் வழியாகக் கேமரா வைத்த குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது) பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டால் பாதி வேலை பெற்றோர் கையில்தான். குடலில் மலம் ஒட்டியிருந்தால் சின்ன பாலிப் (குடலின் உள்சுவரில் வளரும் சதை) கண்ணில் படாது. மயக்க மருந்து உட்பட எல்லாவற்றையும் இன்னொரு நாள் திரும்பச் செய்ய நேரும்.

முதலில், குடலைச் சுத்தமாக்கும் பேதி மருந்தை எந்த ஊரில் வைத்துக் கொடுப்பது என்று முடிவு செய்யுங்கள். உதாரணமாக, ராமேஸ்வரத்திலிருந்து மதுரை ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் சுமார் 170 கிலோமீட்டர். பேதி மருந்து குடித்த பிள்ளையைப் பஸ்ஸில் ஏற்றவே கூடாது. முந்தின நாள் காலையிலேயே போய், கழிப்பறையோடு அறை எடுத்துத் தங்குங்கள்.

இரும்புச்சத்து டானிக் மலத்தைக் கறுப்பாக்கி ஒட்டவைக்கும். 7 நாள் முன்பே நிறுத்தலாமா என்று கேளுங்கள். கடைசி 2 நாள் இட்லி, வெள்ளைச் சோறு, முள் எடுத்த மீன் போதும். கீரை, கேழ்வரகு, கொய்யா வேண்டாம். குழம்பில் கிடக்கும் முண்டு மிளகாய் விதையும் ஆகாது. விதை, கருவியின் உறிஞ்சு குழாயை அடைத்துவிடும்.

முந்தின நாள் தெளிந்த நீராகாரம் மட்டும்: வடிகட்டிய இளநீர், பனங்கற்கண்டுத் தண்ணீர், வடிகட்டிய சூப். பாலும் பதநீரும் கூடாது. சிவப்பு சர்பத் கொடுத்தால் உள்ளே ரத்தம் போலத் தெரியும்.

பெக் பொடியின் (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் பேதி மருந்து) அளவைப் பிள்ளையின் எடை பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும். 20 கிலோ பிள்ளைக்கு 2 லிட்டர் கரைசல் என்று எழுதியிருந்தால், 15 நிமிடத்துக்கு 100 மில்லி வீதம் 5 மணி நேரம் பிடிக்கும். உவர்ப்பான போர்த் தண்ணீரில் கலக்காதீர்கள், பிள்ளை வாயில் வைக்காது. நல்ல தண்ணீரில் கரைத்துக் குளிரவைத்து, ஸ்ட்ரா போட்டுக் கொடுங்கள். சீனியோ குளுக்கோஸோ சேர்க்கவே கூடாது. குடலில் வாயு சேரும், கரைசலின் உப்பையும் உடம்பு இழுத்துக்கொள்ளும். வாந்தி எடுத்தால் அரைமணி நேரம் நிறுத்தி, பாதி வேகத்தில் தொடருங்கள். வயிறு உப்பி வாந்தி நிற்காவிட்டாலும், பிள்ளை சோர்ந்து சிறுநீர் போகாவிட்டாலும் மருந்தை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஒவ்வொரு முறை கழுவியதும் ஆசனவாயைச் சுற்றி வாஸலின் தடவுங்கள். இல்லையென்றால் நாலாவது தடவைக்குள் தோல் எரிந்து, பிள்ளை உட்காரவே அழும்.

குடல் சுத்தமாகிவிட்டதா என்று பார்க்க, போகும் மலத்தை வெள்ளை மக்கில் பிடியுங்கள். மஞ்சள் தண்ணீருக்குள் மக்கின் அடி தெரிந்தால் சரி. கலங்கலாகவோ துணுக்குகளோடோ வந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், எனிமா (ஆசனவாய் வழியாக நீர் மருந்து) கொடுத்துச் சரிசெய்யப் பார்ப்பார்கள். மயக்கம் கொடுப்பதற்கு 2 மணி நேரம் முன்பு தண்ணீரும் நிறுத்த வேண்டும். தாய்ப்பால் என்றால் 4 மணி நேரம்.