வினைல் டைல்ஸ் ஒட்டும் முன்: டெல்டா வீடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வினைல் டைல்ஸ் என்பது பசை போட்டுத் தரையில் ஒட்டும் மெல்லிய பிளாஸ்டிக் டைல்ஸ். அது பெயர்ந்து வந்தால் பழி டைல்ஸ் மேல்தான் விழுகிறது. குற்றம் பெரும்பாலும் அடியில் இருக்கும் தரையுடையது. தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் பக்கம் அந்தத் தரைக்கு ஒரு தனிக்குணம் உண்டு. பங்குனி, சித்திரையில் எலும்பு போலக் காய்ந்திருக்கும். மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் ஓடி, வயலிலும் நிறைந்து, ஐப்பசி மழையும் சேரும்போது களிமண் ஊறி, அதே தரையில் ஓதம், அதாவது மண்ணின் ஈரம், ஏறும். பழைய வீடுகள் பலவற்றில் தரைக்கு அடியில் ஈரம் தடுக்கும் தாள் கிடையாது. செங்கல் ஜல்லி, அதன்மேல் சிமென்ட் பூச்சு, அவ்வளவுதான்.

ஆகவே முதல் தவறு, கோடையில் தரையைத் தொட்டுப் பார்த்து "காஞ்சிருக்கு, ஒட்டிடலாம்" என்று முடிவு செய்வது. ஈரத்தைச் சோதிக்க வேண்டியது ஐப்பசி, கார்த்திகையில். ஒட்ட வேண்டியது மாசிக்குப் பிறகு. சோதனைக்குச் செலவே இல்லை. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி அளவில் கெட்டியான, கண்ணாடி போன்ற பாலிதீன் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரத்தையும் இடைவெளியில்லாமல் டேப் ஒட்டி, ஒரு முழு நாள் விட்டுவிடுங்கள். வெயில் படாத இடமாக இருக்கட்டும். குளியலறைச் சுவர் ஓரம், கொல்லைப்பக்கச் சுவர் ஓரம், அறையின் நடு என மூன்று இடத்திலாவது வையுங்கள். தாளின் உட்புறம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தாலோ, அடியில் சிமென்ட் கறுத்திருந்தாலோ ஓதம் உறுதி. ஒன்றும் தெரியவில்லை என்றால் ஈரமே இல்லை என்று பொருளாகாது. ஆழத்தில் இருப்பதை இந்தச் சோதனை காட்டாது. சுவரடியில் உப்புப் பூத்திருந்தால் அதையும் சாட்சியாகக் கொள்ளுங்கள். நாகை, வேதாரண்யம் பக்கம் இது இன்னும் கடுமை.

ஓதம் ஏறினால் என்ன ஆகும்? வினைல் தண்ணீருக்குக் கெடாது, ஈரத்தை மேலே விடவும் செய்யாது. சிமென்டின் காரத்தோடு ஏறி வரும் நீர் டைல்ஸுக்கு அடியில் தங்கி, அக்ரிலிக் பசையை மறுபடி கூழாக்கிவிடும். மூட்டுகளில் பசை கசியும், அதில் அழுக்கு ஒட்டிக் கறுப்புக் கோடு விழும், பிறகு டைல்ஸ் நகரும், ஓரம் தூக்கும். மேலும் பசை போட்டு ஒட்டுவதால் பயனில்லை. தரையைத் தேய்த்துச் சுத்தம் செய்து, ஈரம் தடுக்கும் எபாக்சி என்ற பிசின் பூச்சை இரண்டு கை அடிக்க வேண்டும். அதைவிட உறுதியானது, 250 மைக்ரான் பாலிதீன் தாளை ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி விரித்துப் புது கான்கிரீட் போடுவது. இரண்டுக்கும் வழியில்லை என்றால் அந்த அறைக்கு வினைல் வேண்டாம், செராமிக் போடுங்கள். புது கான்கிரீட் காய, ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்பது பொதுக் கணக்கு. மழைக்காலத்தில் இன்னும் கூடும்.

அடுத்தது ரெட் ஆக்சைடு தரை. தேங்காய் எண்ணெய் தேய்த்தே பளபளப்பேற்றிய தரையில் எந்தப் பசையும் பிடிக்காது. சோப்பு போட்டுக் கழுவினால் மேலெண்ணெய்தான் போகும். கிரைண்டரில் கப் வீல் (கிண்ண வடிவத் தேய்ப்புச் சக்கரம்) மாட்டி மேல்தோலை எடுத்துவிட்டு, சில சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாக நின்றால் இன்னும் தேய்க்க வேண்டும்; சற்று நேரத்தில் உறிஞ்சினால் சரி. அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு. மாஸ்க் இல்லாமல் யாரையும் வேலை செய்ய விடாதீர்கள். அழகான, வெடிப்பில்லாத பழைய ரெட் ஆக்சைடு தரை இருந்தால் அதை மூடாமலே விடலாம் என்பது எங்கள் கருத்து.

வினைல் மெல்லியது. அடியில் கிடக்கும் ஒரு மணல் பருக்கைகூடச் சில வாரத்தில் மேலே தடம் காட்டும். 10 அடி நீளத்தில் மேடு பள்ளம் 5 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. பள்ளத்தைச் சுவருக்குப் பூசும் வெள்ளைப் புட்டியால் அடைப்பது பெரிய தவறு, மிதிபட்டுப் பொடியாகிவிடும். வழவழத் தரையில் வெறும் சிமென்ட் பால் ஊற்றினாலும் ஏடாகக் கழன்று வரும். தரைக்கென்றே விற்கும் செல்ஃப் லெவலிங் (தானே பரவிச் சமமாகும்) கலவையை, அதன் பிரைமர் அடித்த பிறகே ஊற்ற வேண்டும். மூட்டையில் சொன்ன அளவுக்கு மேல் தண்ணீர் விட்டால் மேற்பரப்பு பலமிழக்கும். 1 மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1.6 கிலோ பிடிக்கும்.

சுவர் ஓரத்திலிருந்து ஒட்டத் தொடங்காதீர்கள். பழைய வீட்டுச் சுவர் நேராக இருப்பதில்லை. அறையின் நடுவில் குறுக்கும் நெடுக்கும் கோடடித்து, ஒரு கோட்டில் 3 அடி, மற்றதில் 4 அடி, குறுக்கே 5 அடி வருகிறதா என்று மூலை மட்டம் பார்த்து, பசையில்லாமல் ஒரு வரிசை அடுக்கிப் பாருங்கள். அகலம் 10 அடி 3 அங்குலம், டைல்ஸ் ஓர் அடி என்றால், நடுக்கோட்டில் மூட்டு வைத்தால் இரு ஓரத்திலும் ஒன்றரை அங்குலத் துண்டுதான் விழும். அரை டைல்ஸ் தள்ளி வைத்தால் ஏழரை அங்குலம் கிடைக்கும். சேதாரத்துக்குப் பத்து சதவீதம் கூட்டி, எல்லாப் பெட்டியும் ஒரே பேட்ச் எண்ணா என்று பார்த்து வாங்குங்கள். ஒட்டுவதற்கு இரண்டு நாள் முன்பே பெட்டிகளை அந்த அறையில் படுக்கை வாட்டில் வைத்துவிட வேண்டும்.

அக்ரிலிக் பசையை ஒன்றரை மில்லிமீட்டர் பல் உள்ள கரணையால் இழுத்துவிட்டு, வெள்ளை நிறம் போய்த் தெளியும்வரை பொறுங்கள். விரல் வைத்தால் பிடிக்க வேண்டும், விரலில் ஒட்டி வரக் கூடாது. ஈரப்பசையில் வைத்தால் டைல்ஸ் வழுக்கும். ரப்பர் பசை என்றால் வேறு கதை: அதன் ஆவி தீப்பிடிக்கும். அடுப்பும் சாமி விளக்கும் அணைந்திருக்க வேண்டும், ஜன்னல் திறந்திருக்க வேண்டும். ஒட்டிய பின் 45 கிலோ உருளையை இரு திசையிலும் ஓட்டுங்கள். கையால் தட்டுவது போதாது.

ஐந்து நாளைக்குத் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டாம். ரப்பர் அடி கொண்ட மிதியடியை ஒருபோதும் போடாதீர்கள். அதன் மஞ்சள் கறை போகாது. மிஞ்சிய டைல்ஸைப் பரணில் தட்டையாக வைத்திருங்கள். ஒன்று கீறிப்போனால், மேலே துணி போட்டு இஸ்திரிப் பெட்டியால் சூடு காட்டி, இளகியதும் புட்டிக் கத்தியால் கிளப்பி, பழைய பசையைச் சுரண்டிவிட்டுப் புதியதை ஒட்டிக்கொள்ளலாம்.