அரை நிழல்ல வெட்டிவேர் வளர்க்கிறது எப்படி?

முழு வெயில் விழாத இடத்துக்கு அழகா ஒரு புல் வேணும்னு நர்சரி பக்கம் போனா பெரும்பாலும் வெளிநாட்டுப் புல்லத்தான் காட்டுவாங்க, நம்ம மண்ணுலயே வளர்ற வெட்டிவேர அழகுச்செடியா யாரும் நினைக்கிறதே இல்ல. நாலஞ்சடி உயரத்துக்கு தூர் கட்டி, தோகை நுனி வளைஞ்சு நிக்கிறப்ப அதோட அழகே தனி.

ஆனா இது அடிப்படையில வெயில் செடி. அரை நிழல்னா காலையிலயோ சாயங்காலமோ நாலஞ்சு மணி நேரமாவது நேர் வெயில் படணும். முருங்கை, தென்னை மாதிரி வெளிச்சம் கசிஞ்சு இறங்குற மரத்தடி ஓகே. மாமரத்தடி, ரெண்டு சுவத்துக்கு நடுவுல இருக்குற சந்து எல்லாம் வேண்டவே வேண்டாம், தண்ணி தேங்கினாகூட தாங்கிக்கிற செடி இது, வெயில் இல்லன்னாதான் பக்கக்கிளை வெடிக்காம ஒல்லியா நின்னுடும்.

வாங்கும்போது இலைய கசக்கிப் பாருங்க. எலுமிச்சை வாசம் வந்தா அது லெமன்கிராஸ். வெட்டிவேருக்கு வாசம் வேர்லதான், இலையில இருக்காது.

தூர பிரிக்கிறப்ப ரெண்டு மூணு கிளை சேர்ந்தே இருக்கட்டும். காஞ்ச தோகைய உரிச்சுட்டு, இலைய அரை அடி விட்டு வெட்டி, வேர மூணு இன்ச்சுக்கு கத்தரிச்சுட்டு, தண்டும் வேரும் சேர்ற இடம் மண்ணுக்குள்ள லேசா மறையுற அளவுக்கு மட்டும் நட்டு நல்லா அழுத்தி விடுங்க. வேலி மாதிரி வேணும்னா அரை அடி இடைவெளி போதும், ஆனா நிழல்ல ஒவ்வொரு தூருக்கும் வெளிச்சம் போகணும்ங்கிறதால ரெண்டடி விடுறதுதான் நல்லது. ஆடி, ஆவணியில நட்டா ஐப்பசி மழைக்குள்ள வேர் பிடிச்சுடும். முதல் ஒரு மாசம் மண் காயாம பாத்துக்குங்க, சுத்தி களை மண்டவிடாதீங்க, அப்புறம் தண்ணி அதிகம் கேக்காது.

நிழல்ல தோகை வெளிச்சத்தப் பாத்து ஒரு பக்கமா சாயும். மூணு மாசத்துக்கு ஒரு தடவ முழங்கால் உயரத்துக்கு வெட்டி விட்டா அடியில புதுசா கிளைக்கும், வெட்டின தோகைய அங்கயே மூடாக்கா போட்டுடலாம். நம்ம பக்கம் வேருக்காக வளர்க்கிற ரகம் பூத்தாலும் பொதுவா விதை கட்டாது, தரையில ஓடிப் பரவவும் செய்யாது, அதனால தோட்டத்த புடிச்சுக்கும்னு பயம் வேணாம்.

பானைத் தண்ணியில போட வேர் வேணும்னா அதுக்குன்னு தனியா உயரமான சாக்குல மணல் கலந்து நடுங்க, நல்லா வெயில் படுற இடத்துல. தரையில வச்சத தோண்டுனா பத்தடி வரைக்கும்கூட வேர் போயிருக்கும், பாதி அறுந்துடும். ஒரு வருஷம் ஒன்றரை வருஷம் கழிச்சு சாக்க பக்கவாட்டுல கிழிச்சு மண்ண தண்ணியில அலசிட்டு வேர எடுத்துக்கிட்டு, மேல இருக்குற தூர பிரிச்சு திரும்பவும் நட்டுடலாம்.