திருச்சூர் நாடக விழாவுக்கு கேங்கா கார்ல போறவங்களுக்கு

கோயம்புத்தூர்ல இருந்து கார் எடுத்தா மூணு மணி நேரத்துக்குள்ள வெளிநாட்டு நாடகம் ஒண்ணை நேர்ல உக்காந்து பாக்கலாம்னு சொன்னா நம்மாளுங்க பாதி பேரு இன்னும் நம்ப மாட்டேங்கறாங்க. திருச்சூர்ல கேரள சங்கீத நாடக அகாடமி நடத்தற இன்டர்நேஷனல் தியேட்டர் ஃபெஸ்டிவல், எல்லாரும் இட்ஃபோக்னு சொல்றது, 2008ல ஆரம்பிச்சது. 2023ல உலகப் புகழ் பெற்ற பிரிட்டிஷ் நாடக இயக்குநர் பீட்டர் ப்ரூக்கோட நாடகமே வந்துச்சுன்னா பாத்துக்கங்க. டிக்கெட் விலையோ மால்ல படம் பாக்கறதை விட கம்மி. சனி ஞாயிறுல நாலு பேரா போய்ட்டு வர்றதுக்கு எப்படி பிளான் பண்றதுன்னு சொல்றேன்.

முதல்ல தேதி. இது வருஷா வருஷம் ஒரே தேதில வர்ற விஷயம் இல்ல. 2020ல ஜனவரில நடந்துச்சு, அப்பறம் கொரோனா கேப்பு விட்டு 2023ல பிப்ரவரில, 2025ல பிப்ரவரி கடைசிலன்னு மாறிட்டே இருக்கு. அதனால மார்கழி ஆரம்பிக்கும்போதே அகாடமி வெப்சைட்டை ஒருத்தர் பாத்துட்டே இருக்கணும், "யாராவது பாருங்கடா"ன்னு க்ரூப்ல போட்டா யாரும் பாக்க மாட்டாங்க, ஒருத்தர் பேரை சொல்லி வேலையை குடுத்துருங்க.

ஷெட்யூல் வந்ததும் எல்லாரும் பண்ற வேலை என்னன்னா ரெண்டு நாளைக்கு ஆறு நாடகம், நடுவுல கோயில், பீச், ஷாப்பிங்னு எக்ஸெல் ஷீட் போடறது. தயவு செஞ்சு வேண்டாம். ஒரு நாளைக்கு ரெண்டு நாடகம், அவ்வளவுதான். நாடகங்கறது ஓடிடில பின்ஜ் பண்ற சமாச்சாரம் இல்ல, நல்லதா ஒண்ணு பாத்துட்டு வெளிய வந்தா மண்டைக்குள்ள அது ஓடி அடங்கவே ரெண்டு மணி நேரம் வேணும், டீ குடிச்சுட்டு சண்டை போட்டு பேசறதுக்கு நேரம் வேணும், உண்மைய சொன்னா அந்த சண்டைக்குத்தான் ஃப்ரெண்ட்ஸோட போறதே, இல்லன்னா தனியா பஸ்ல போய்ட்டு வந்துரலாமே.

எந்த நாடகம்னு எப்படி எடுக்கறது? பேரையும் நாட்டையும் மட்டும் பாத்து புக் பண்ணாதீங்க. கதைச் சுருக்கம், எவ்வளவு நேரம், என்ன மொழி, எந்த மேடை, இந்த நாலையும் பாருங்க. என்னோட கணக்கு இது: ஒரு வெளிநாட்டு நாடகம், ஒரு மலையாள நாடகம், மூணாவது வேற ஏதாச்சும் இந்திய மொழில. மலையாளத்தை விட்றாதீங்க, சினிமா பாத்து பழகின காதுக்கு முக்கால்வாசி புரிஞ்சுரும், புரியாத கால்வாசிய நடிகரோட உடம்பு சொல்லிரும். வெளிநாட்டு நாடகத்துக்கு மேடைக்கு மேலயோ பக்கத்துலயோ ஸ்க்ரீன்ல இங்கிலீஷ்ல வசனம் ஓடும், அதுக்காக ஓரத்து சீட்ல மாட்டிக்காதீங்க, நடுவுல கொஞ்சம் பின்னாடி தள்ளி உக்காந்தா ஸ்க்ரீனையும் ஆளையும் சேத்து பாக்கலாம். முதல் வரிசைதான் வேணும்னு அடம் பிடிக்கறவங்களுக்கு ரெண்டு நாள் கழுத்து வலி நிச்சயம்.

டிக்கெட் ஆன்லைன்ல திறந்த உடனே எடுத்துருங்க, பேசப்படற நாடகம்லாம் சீக்கிரம் தீந்துரும். தீந்து போச்சுன்னா டிரிப்பையே கேன்சல் பண்ண வேண்டாம், கொஞ்சம் டிக்கெட் கவுண்டர்லயும் குடுப்பாங்க, அதோட நிறைய நாடகத்துக்கு ரெண்டு ஷோ இருக்கும், அடுத்ததை பாத்துக்கலாம். டிக்கெட் கைல இருந்தாலும் அரை மணி முன்னாடி க்யூல நில்லுங்க, முன்னாடி வர்றவங்களுக்குத்தான் நல்ல இடம். லைட் அணைஞ்சதுக்கு அப்பறம் கதவை தட்டிட்டு "கோயம்புத்தூர்ல இருந்து வர்றோம் சேட்டா"ன்னு சொன்னா ஒண்ணும் நடக்காது.

இப்ப வண்டி. அஞ்சு பேரு ஏறலாம்னு ஆர்சில போட்டிருக்கும், ஆனா ஹேட்ச்பேக்ல நாலு பேருதான் நிம்மதி. வாடகை வண்டின்னா ஒரு விஷயம் கவனிங்க, நாமளே ஓட்டற வாடகை கார்னா கறுப்பு போர்டுல மஞ்சள் எழுத்து இருக்கணும். தெரிஞ்சவரு வெள்ளை போர்டு வண்டியை காசு வாங்கிட்டு குடுக்கறாருன்னா ஏதாவது ஆச்சுன்னா இன்சூரன்ஸ்ல இழுப்பாங்க, அதுவும் வெளி மாநிலத்துல வெச்சு மாட்டறது தேவையில்லாத தலைவலி. கறுப்பு போர்டா இருந்தாலும் கேரளா போகலாமான்னு முன்னாடியே கேட்டுக்கங்க. பெட்ரோலை நம்ம பக்கத்துலயே ஃபுல் பண்ணிருங்க, கேரளால லிட்டருக்கு சில ரூபா அதிகம். போக வர, ஊருக்குள்ள சுத்தறது எல்லாம் சேத்து 270 கிலோமீட்டர்னு வெச்சுக்கிட்டா லிட்டருக்கு 15 குடுக்கற வண்டிக்கு 18 லிட்டர், நாலு பேருக்கு பிரிச்சா ஆளுக்கு ஐநூறுக்குள்ள முடிஞ்சுரும். ஃபாஸ்டேக்ல பேலன்ஸ் பாத்துட்டு கிளம்புங்க, வாளையார் தாண்டினதும் ஒரு டோல், அப்பறம் பன்னியங்கரைல ஒண்ணு.

சனிக்கிழமை காலைல ஆறு மணிக்கு கிளம்பிருங்க. ரூட் சிம்பிள், 544 நேஷனல் ஹைவே, வாளையார், பாலக்காடு, வடக்கஞ்சேரி, குதிரான், மண்ணுத்தி, திருச்சூர், மொத்தம் 115 கிலோமீட்டர் பக்கம். முன்னாடி குதிரான் ஏத்தம்னாலே லாரிக்கு பின்னாடி மணிக்கணக்குல நிக்கணும், 2021ல முதல் டனல் திறந்ததுக்கு அப்பறம் அந்த மலையை ரெண்டு நிமிஷத்துல தாண்டிரலாம், கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் நீளம். உள்ள லேன் மாத்தி ஓவர்டேக் பண்ணாதீங்க, ரீல்ஸ் எடுக்கறேன்னு ஸ்லோவும் பண்ணாதீங்க. மேப் போடும்போது ஒண்ணு ஜாக்கிரதை, பாலக்காடு ஜில்லால இருக்கற வடக்கஞ்சேரி வேற, திருச்சூர் ஜில்லால ஷொறணூர் ரோட்டுல இருக்கற வடக்காஞ்சேரி வேற. அவசரத்துல தப்பானதை தொட்டா வேற ரூட்டுக்கே இழுத்துட்டு போயிரும்.

ரூம் ஸ்வராஜ் ரவுண்டு பக்கம் எடுத்தா வசதி, ஊர் நடுவுல தேக்கின்காடு மைதானத்தை சுத்தி போற ரோடு அது. அகாடமி இருக்கறது செம்புக்காவுல, ரவுண்டுல இருந்து நடந்தே போயிரலாம். வண்டியை லாட்ஜ்லயே போட்டுட்டு நடங்க, விழா சமயத்துல அகாடமி பக்கம் பார்க்கிங் தேடறது வீண் வேலை. ரவுண்டு ஒன்வே வேற, ஒரு திருப்பத்தை விட்டா தேக்கின்காடு மைதானத்தை முழுசா சுத்தி வரணும், கார்ல உக்காந்துட்டு நாலு பேரும் நாலு பக்கம் கை காட்டுவாங்க. வழி சொல்றது ஒரே ஆள்னு முதல்லயே முடிவு பண்ணிருங்க.

அகாடமி வளாகத்துக்குள்ளயே கே.டி. முகம்மது தியேட்டர், மலையாள நடிகர் முரளி பேர்ல இருக்கற திறந்தவெளி மேடை, ப்ளாக் பாக்ஸ்ங்கற சின்ன அரங்கம்னு இருக்கு. விழா ஆரம்பிச்சப்ப முரளிதான் அகாடமி சேர்மனா இருந்தாரு. திறந்தவெளில பாக்கறதா இருந்தா கொசுக்கு ஓடோமாஸ் தடவிட்டு போங்க, தண்ணி பாட்டில் வெச்சுக்கங்க. ரெண்டு ஷோவுக்கு நடுவுல லாட்ஜுக்கு ஓடிராதீங்க, வளாகத்துலயே சுத்துங்க. அங்க கலைஞர்களோட பேச்சு, கலந்துரையாடல், ராத்திரி சில நாள் மியூசிக்னு ஏதாவது நடந்துட்டே இருக்கும், டிராமா ஸ்கூல் பசங்க மரத்தடில உக்காந்து காலைல பாத்த நாடகத்தை கிழிச்சு தொங்க விட்டுட்டு இருப்பாங்க, பக்கத்துல போய் நின்னா நம்மளையும் சேத்துக்குவாங்க.

சாப்பாட்டுக்கு ரொம்ப ஆராய்ச்சி வேண்டாம். திருச்சூர்லதான் 1958ல கேரளாவோட முதல் இந்தியன் காஃபி ஹவுஸ் ஆரம்பிச்சாங்க, ஒரு வேளையாவது காஃபி ஹவுஸ்ல கட்லெட்டும் பீட்ரூட் போட்ட மசால் தோசையும் சாப்பிடுங்க. முதல் தடவை அந்த செவப்பு மசாலாவை பாத்து ஒருத்தர் முகத்தை சுளிப்பாரு, அவரு தட்டையும் நீங்களே எடுத்துக்கலாம். ஷோவுக்கு முன்னாடி மட்டும் பொரோட்டா பீஃப்னு வயிறு நிறைய கட்டாதீங்க, ஏசி ஹால்ல இருட்டுல தூக்கம் சொக்கும், குறட்டை சத்தம் மேடை வரைக்கும் கேக்கும்.

காசு விஷயத்துக்கு ஒரே ஆள் கைல ஆளுக்கு இவ்வளவுன்னு முன்னாடியே ஜிபே பண்ணிருங்க, டீக்கு 40 ரூபா நான்தான் குடுத்தேன்ற பேச்சே வராது.

ஞாயித்துக்கிழமை காலைல வடக்குநாதர் கோயில் போகணும்னா சீக்கிரம் போங்க, பத்தரை மணி வாக்குல நடை சாத்திருவாங்க. உள்ள கூத்தம்பலம் இருக்கு, கேரளாவோட பழைய சமஸ்கிருத நாடகமான கூடியாட்டம் ஆடறதுக்குன்னே கட்டின மேடை, நாடகம் பாக்க வந்த ஆளுங்க வெளிய இருந்தாவது அந்த கட்டடத்தை பாக்கணும். ஆனா இந்துக்களை மட்டும்தான் உள்ள விடுவாங்க, கேங்குல வேற மதத்து ஃப்ரெண்டு இருந்தா அவரை வாசல்ல நிக்க வெச்சுட்டு போறது எனக்கு சரியா படல, பேசாம எல்லாரும் மைதானத்து மரத்தடில உக்காந்துட்டு வந்துரலாம்.

திரும்பி வர்றதுக்கு நேரம் இருந்தா வந்த ஹைவேல வராதீங்க. வடக்காஞ்சேரி, செறுதுருத்தி, ஷொறணூர், ஒத்தப்பாலம் வழியா பாலக்காடு வாங்க, கொஞ்சம் லேட் ஆகும், ஆனா பாரதப்புழாவை ஒட்டின ஊரெல்லாம் பாத்துட்டே வரலாம். செறுதுருத்திலதான் மலையாளக் கவிஞர் வள்ளத்தோள் 1930ல ஆரம்பிச்ச கலாமண்டலம், கதகளி மாதிரி கலையெல்லாம் சொல்லிக் குடுக்கற இடம், இருக்கு. சனி ஞாயிறுல கதகளி கிளாஸ் பாக்கலாம்னு நெனச்சு போயிராதீங்க, பயிற்சி எல்லாம் வார நாள்லதான்.

ஞாயித்துக்கிழமை ராத்திரி ஷோவுக்கு டிக்கெட் எடுக்கறதுக்கு முன்னாடி யோசிங்க. முடிஞ்சு சாப்பிட்டு கிளம்ப பத்து மணி தாண்டிரும், ரெண்டு நாளா தூங்காத டிரைவர், ஹைவே முழுக்க லாரி. மத்தியான ஷோவோட முடிச்சுட்டு வெளிச்சத்துலயே கிளம்பறதுதான் என் சாய்ஸ். அந்த ராத்திரி நாடகம் பாத்தே ஆகணும்னா எல்லாரும் திங்கக்கிழமை லீவ் போடுங்க, ரூமை இன்னொரு நைட்டுக்கு சேத்து புக் பண்ணிருங்க.