மாட்டெலும்புப் பிடி போட்டு ஒரு தோட்டக் கத்தி

மதுரையைச் சுற்றி இருப்பவர்களுக்குத் திருப்பாச்சேத்தி என்றாலே அரிவாள்தான். பழைய லாரி வில்லுப் பட்டையைக் காய்ச்சி அடித்தால் நம் கத்திக்கும் அருமையான அலகு கிடைக்கும். ஆனால் முதல் கத்திக்கு உலை வேலையை நீங்களே செய்யப் போகாதீர்கள், பழகிய கொல்லரிடம் கொடுங்கள். அலகு 6 அங்குலம், பிடி 4½ அங்குலம், கனம் 4 மி.மீ. என்று அட்டையில் வரைந்து வெட்டிக் கொண்டுபோங்கள். பிடிப் பக்கம் குச்சியாக இறங்கக் கூடாது, முழு அகலத்துக்குப் பட்டையாகவே வர வேண்டும். அதில் 5 மி.மீ. துளை இரண்டு, தோய்ச்சலுக்கு (காய்ச்சிய அலகை முக்கிக் கெட்டியாக்குவதற்கு) முன்பே போடச் சொல்லுங்கள், பிறகு போட்டால் டிரில் பிட்தான் மழுங்கும்.

இனி எலும்பு. இதில்தான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள்.

ஆட்டெலும்பு மெலிசு, ஆகாது. மாட்டின் நேரான கால் எலும்பாகக் கேட்டு வாங்குங்கள். யாராவது மான் கொம்பு தருகிறேன் என்றால் தொடவே வேண்டாம், 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். இரண்டு முனையையும் ஆக்ஸா பிளேடால் அறுத்து, மஜ்ஜையைக் கம்பியால் தள்ளிவிட்டு, பாத்திரம் தேய்க்கும் சோப்புத் தண்ணீரில் சிறு தீயில் இரண்டு மூன்று மணி நேரம் வையுங்கள். தளதளவென்று கொதித்தால் எலும்பு பொறபொறப்பாகிவிடும். அப்புறம் புது சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, மேலே எண்ணெய்ப் படலம் மிதப்பது நிற்கும் வரைக்கும் தினமும் மாற்றுங்கள். பிளீச்சிங் பவுடர் கூடவே கூடாது, எலும்பை அரித்துவிடும்.

காய்வதற்கு ஒரு மாதம், நிழலில். என் முதல் எலும்பைச் சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் வைத்தேன், நாலாம் நாள் நீளவாக்கில் விரிந்து கிடந்தது. அவ்வளவு நாள் செய்த வேலை போனது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

காய்ந்ததை நீளவாக்கில் இரண்டு பலகையாக அறுங்கள். கண்ணாடித் துண்டின் மேல் எமரித் தாளை விரித்து, தண்ணீர் விட்டுத் தேய்த்து, உட்பக்கத்தைச் சமமாக்குங்கள். எலும்புத் தூள் நுரையீரலுக்குக் கெடுதல், ஈரமாகவே தேய்த்தாலும் மாஸ்க் கட்டாயம். தேய்க்கத் தேய்க்க வெள்ளைக்குள் ஊசி முனை அளவுப் புள்ளிகளும் மெல்லிய கோடுகளும் தெரியும், முன்பு ரத்தம் ஓடிய வழிகள் அவை. இந்த அழகு எந்த பிளாஸ்டிக்கிலும் வராது.

இப்போது அலகைத் துணி சுற்றி டேப் ஒட்டிவிடுங்கள். பலகையைப் பிடியோடு இறுக்கி, இரும்பில் இருக்கும் துளை வழியாகவே மெதுவாகத் துளையுங்கள். முடி கருகும் வாசனை வந்தால் சூடாகிறது என்று அர்த்தம், நிறுத்தி ஆறவிடுங்கள். இரும்பையும் எலும்பையும் சொரசொரப்பாக்கி, தின்னரால் துடைத்து, அரால்டைட் தடவி, 5 மி.மீ. பித்தளைக் கம்பியைச் செருகுங்கள். கம்பி விரலால் தள்ளினாலே போக வேண்டும், சுத்தியலால் அடித்தால் எலும்பு பிளந்துவிடும். கிளாம்பை ரொம்ப முறுக்கினால் பசை முழுக்க வெளியே வந்துவிடும், அளவாக இறுக்கி 24 மணி நேரம் விட்டுவிடுங்கள்.

மிச்சம் உருவம் கொடுப்பதுதான். அரத்தால் ஓரத்தை உருட்டி, எமரித் தாள் 120, 220, 400, 800 என்று ஏறுங்கள், நடுநடுவே கையில் பிடித்துப் பாருங்கள், உறுத்துகிற இடம் உள்ளங்கைக்குத்தான் தெரியும். கடைசியாகத் தேன்மெழுகு தேய்த்துப் பருத்தித் துணியால் துடைத்துவிட்டு, அலகைத் தீட்டுங்கள். கழுவும்போது மட்டும் தண்ணீரில் ஊறப்போட்டுவிடாதீர்கள்.