நின்றே கெட்ட கார்: பழைய ஸ்போர்ட்ஸ் காரை வீட்டு ஷெட்டில் உயிர்ப்பிப்பவர்கள் செய்யும் தவறுகள்

பல வருஷம் மூலையில் கிடந்த ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வீட்டு ஷெட்டுக்கு வந்து இறங்கியதும் எல்லோரும் செய்வது ஒன்றுதான். எங்கிருந்தாவது ஒரு பேட்டரியைத் தூக்கி வந்து மாட்டி, சாவியைத் திருகிப் பார்ப்பது. நானும் செய்திருக்கிறேன். 'சும்மா ஸ்டார்ட் ஆகுதான்னு பார்ப்போமே' என்ற அந்த ஒரு நிமிஷ ஆசை, பிழைத்திருக்க வேண்டிய எஞ்சின்கள் பலவற்றைக் காலி செய்திருக்கிறது.

ஓடித் தேய்ந்த கார் வேறு, நின்று கெட்ட கார் வேறு. ஓடித் தேய்ந்த காரில் எது போயிருக்கும் என்பதைக் கிலோமீட்டர் கணக்கே ஓரளவு சொல்லிவிடும்: கிளட்ச், பேரிங், புஷ், ஷாக் அப்சார்பர். நின்று கெட்ட காரில் மீட்டர் கொஞ்சமாகத்தான் காட்டும். ஆனால் ரப்பரெல்லாம் காய்ந்து வெடித்திருக்கும், பெட்ரோல் பிசினாகியிருக்கும், பிரேக் ஆயில் ஈரம் குடித்திருக்கும், வயரை எலி கடித்திருக்கும். "முப்பதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு" என்று விற்பவர் சொல்வதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்வதே முதல் தவறு. மீதி வருஷமெல்லாம் அது எங்கே, எப்படி நின்றது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

சாவியைத் திருகுவதற்கு முன்

நீண்ட நாள் நின்ற எஞ்சினில் சிலிண்டர் சுவரிலிருந்த ஆயில் முழுக்க வடிந்துபோயிருக்கும். பிஸ்டன் ரிங்குகள் லேசான துருவோடு சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். இந்த நிலையில் ஸ்டார்ட்டர் மோட்டார் முரட்டுத்தனமாகச் சுற்றினால் ரிங் உடையும், அல்லது சுவரில் கோடு விழும். வால்வுகளையும் பிஸ்டன்களையும் தாளம் தப்பாமல் ஓடவைக்கும் ரப்பர் பட்டையான டைமிங் பெல்ட் இருக்கும் எஞ்சின் என்றால் ஆபத்து இன்னும் பெரிது. ரப்பர் பெல்ட்டுக்குக் கிலோமீட்டர் மட்டும் கணக்கில்லை, வயதும் கணக்கு. போர்ஷே 944 போன்ற கார்களில் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். சிலிண்டர் ஹெட்டைக் கழற்றாமல் தீராது. முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் 1.6 லிட்டர் எஞ்சினில் பெல்ட் அறுந்தாலும் அப்படி மோதாது. உங்கள் எஞ்சின் இதில் எந்த ரகம் என்று தெரிந்துகொள்ளும்வரை சாவி அலமாரியிலேயே இருக்கட்டும்.

செய்ய வேண்டியது பொறுமையான வேலை. ஸ்பார்க் பிளக்குகளை எல்லாம் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் இரண்டு ஸ்பூன் அளவுக்கு எஞ்சின் ஆயில் விட்டு, ஓரிரு நாள் ஊறவிடுங்கள். அப்புறம் கியரை நியூட்ரலில் வைத்து, எஞ்சின் முனையில் பெல்ட் ஓடும் சக்கரமான கிராங்க் புல்லியின் நடு போல்ட்டில் நீளமான கைப்பிடி போட்டு, எஞ்சின் வழக்கமாகச் சுற்றும் திசையில் கையால் சுற்றுங்கள். இரண்டு முழுச் சுற்று தடையில்லாமல் வர வேண்டும். எங்காவது கெட்டியாக முட்டினால் பலத்தைக் கூட்டாதீர்கள், நிறுத்திவிட்டு ஏன் என்று பாருங்கள். அதன்பின் பெல்ட்டையும் எஞ்சின் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, பிளக் போடாமல், இக்னிஷனையும் பெட்ரோல் பம்பையும் துண்டித்துவிட்டு, ஆயில் பிரஷர் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரை இடைவெளி விட்டு விட்டு இயக்குங்கள். ஆயில் மேலே ஏறிய பிறகுதான் பிளக்.

பெட்ரோல் விஷயத்தில் நான் பட்டது தனிக்கதை. டேங்கில் கால்வாசி பழைய பெட்ரோல் இருந்தது. 'மேலே புதுசு ஊற்றினால் கலந்து சரியாகிவிடும்' என்று ஊற்றினேன். பத்து நிமிஷம் அழகாக ஓடியது, பதினோராவது நிமிஷம் நின்றது. ஃபில்டரைக் கழற்றிக் கவிழ்த்தபோது செங்கல் நிறத்தில் சேறு கொட்டியது. கார்புரேட்டரைப் பிரித்தால், மெல்லிய ஊசி நுழையும் அளவுள்ள ஜெட் ஓட்டை மஞ்சள் பிசினால் அடைத்திருந்தது. பெட்ரோல் பழசாகிவிட்டது என்பதை மூக்கே சொல்லும். பெட்ரோல் வாசனை போய் வார்னிஷ் வாடை அடிக்கும். அப்படி அடித்தால் முழுவதையும் வடித்து, டேங்கை இறக்கிக் கழுவி, ரப்பர் ஹோஸ்களை எல்லாம் மாற்றுவதுதான் வழி. எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரையும் அரிக்கும். அதனால் எத்தனாலைத் தாங்கும் ஹோஸா என்று கேட்டு வாங்குங்கள்.

வடிப்பதை ஷெட்டுக்குள் செய்யாதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். தரையோடு தரையாகப் பரவி, மூலையில் எரியும் எதையாவது தேடிப் போகும். காலியான டேங்கில் வெல்டிங் வைப்பதை நினைத்தே பார்க்காதீர்கள். நிறைந்த டேங்கைவிட ஆவி நிறைந்த காலி டேங்க்தான் வெடிக்கும். எஞ்சின் ஓடத் தொடங்கிய பிறகும் கதவைச் சாத்திக்கொண்டு டியூனிங் பார்க்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாடையும் இல்லை, நிறமும் இல்லை.

ஜாக்கி

ஜாக்கி தூக்குவதற்கு, தாங்குவதற்கு அல்ல. ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் படுப்பது மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்குகிற கதைதான். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் அதே ஜாதி, சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். கார் வாங்கியவர் நல்ல ஜாக்கி ஸ்டாண்டுக்குக் கணக்குப் பார்ப்பது, யானை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு யோசிக்கிற மாதிரி. ஸ்டாண்ட் வைத்ததும் காரை ஒருமுறை பலமாக ஆட்டிப் பாருங்கள். விழுவதாக இருந்தால் நீங்கள் வெளியே இருக்கும்போதே விழட்டும்.

ஒரே மூச்சில் பிரித்துப்போடுவது

வீட்டில் தொடங்கும் ரெஸ்டோரேஷன் பாதியில் நிற்பதற்கு நான் பார்த்தவரை பெரிய காரணம் பணம் இல்லை, பெட்டிகள். முதல் இரண்டு வாரம் உற்சாகம் பொங்கும். சீட், டேஷ்போர்டு, பம்பர், கதவு, எஞ்சின் என்று எல்லாம் வெளியே வந்துவிடும். பிரிப்பது சுகமான வேலை. ஸ்பேனரும் கொஞ்சம் கோபமும் இருந்தால் போதும். ஆறு மாதம் கழித்து ஒரு டப்பா நிறைய போல்ட்டுகளோடு உட்காரும்போதுதான், ஒரே மாதிரி தெரியும் இரண்டு போல்ட்டுகளில் ஒன்று 5 மில்லிமீட்டர் நீளம் அதிகம் என்பது புரியும். நீளமானதைத் தவறான இடத்தில் போட்டு இறுக்கினால், உள்ளே இருக்கும் அலுமினியம் உடைந்துகொண்டு வரும்.

எனக்குச் சரிப்பட்ட முறை இது. ஒரு அமைப்பைப் பிரித்து, முடித்து, மாட்டிவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவேன். பிரேக் என்றால் பிரேக் மட்டும். ஒரு பாகத்தைக் கழற்றினால் அதன் போல்ட்டுகளை அந்தந்த ஓட்டையிலேயே இரண்டு மரை திருகி விட்டுவிடுவேன். முடியாதவற்றுக்கு ஜிப் பை, உள்ளே ஒரு துண்டுக் காகிதம். 'பின் பக்க போல்ட்' என்று எழுதினால் பிறகு யாருக்கும் புரியாது. 'இடது பின் காலிப்பர், மேல் போல்ட், வாஷர் உள்பக்கம்' என்று எழுத வேண்டும். போட்டோ எடுக்கும்போது பாகத்தை மட்டும் நெருங்கி எடுக்காமல், அது எதன் பக்கத்தில் இருக்கிறது என்று தெரிகிற மாதிரி தள்ளி நின்றும் ஒன்று எடுங்கள்.

துருப்பிடித்த போல்ட்டோடு மல்லுக்கட்டுவதும் இந்த அவசரத்தில் சேர்ந்ததுதான், எஞ்சினிலிருந்து புகையை வாங்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட்டைப் பிடித்திருக்கும் தலையில்லாத போல்ட்டுகளான ஸ்டட்டுகளில் முக்கியமாக. ஊடுருவும் எண்ணெயை முந்தின நாள் ராத்திரியே அடித்து வையுங்கள். கழற்றும் முன் ஒரு நூலளவு இறுக்கிப் பாருங்கள். துரு பிடி விடும்போது 'டக்' என்ற சின்னச் சத்தம் வரும். அப்புறம் முன்னும் பின்னுமாக ஆட்டி எடுங்கள். ஸ்டட் முறிந்துவிட்டால் அதை டிரில் போட்டு எடுக்க ஒரு நாள் போகும்.

துருவைப் பட்டியால் மூடுவது

பெயின்ட்டில் சின்னக் கொப்புளம் தெரிந்தால் அதை மட்டும் தேய்த்துப் பட்டி வைத்துவிடலாம் என்று தோன்றும். துரு பெரும்பாலும் உள்பக்கத்திலிருந்து வெளியே வருவது. வெளியே காசளவு தெரிந்தால் உள்ளே கையளவு இருக்கும். ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி மேலே நகர்த்திப் பாருங்கள், எங்கே பிடிக்காமல் வழுக்குகிறதோ அங்கே முன்னால் யாரோ கனமாகப் பட்டி பார்த்திருக்கிறார்கள். ஆரம்பத்திலிருந்தே ஃபைபர்கிளாஸ் பாடியோடு வரும் பழைய செவ்ரலே கார்வெட், லோட்டஸ் எலான் போன்றவற்றில் காந்தத்துக்கு வேலையில்லை. ஆனால் அடியில் இருக்கும் சேஸிஸ் இரும்புதான். பாடி பளபளவென்று இருக்க, அது சத்தமில்லாமல் உளுத்துக்கொண்டிருக்கும்.

கூரை இல்லாத இரண்டு சீட் கார்களில் இன்னொரு பெரிய தவறு நடக்கும். கதவுக்குக் கீழே முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம்வரை ஓடும் பெட்டி போன்ற பகுதியைச் 'சில்' என்பார்கள். கூரை இல்லாததால் காரின் முதுகெலும்பு கிட்டத்தட்ட அதுதான். அங்கேதான் துருவும் சீக்கிரம் வரும். எம்எக்ஸ்-5 காரில் துணிக்கூரையிலிருந்து தண்ணீர் வடியும் குழாய் குப்பையால் அடைத்துக்கொண்டால், பின் சக்கரத்துக்கு முன்னால் சில் உள்ளேயே அழுகும். உளுத்த சில்லை அப்படியே வெட்டி எடுத்தால் நடுவில் பாடி தொய்யும். புது சில்லை அந்தத் தொய்வோடேயே வெல்டிங் செய்துவிட்டால் கதவு ஒருநாளும் ஒழுங்காகச் சாத்தாது. வெட்டுவதற்கு முன் கதவு நிலையின் முன்னும் பின்னும் பிடிக்கிற மாதிரி ஒரு இரும்புக் குழாயைக் குறுக்கே வெல்டிங் வைத்து இறுக்குங்கள். கதவைச் சுற்றியுள்ள இடைவெளியை நாலு இடத்தில் அளந்து சுவரில் எழுதுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு பக்கத்தையும் வெட்டாதீர்கள்.

வெல்டிங் செய்யும் இடத்தைப் பிரேக் கிளீனரால் துடைப்பவர்கள் உண்டு. குளோரின் கலந்த ரகமாக இருந்து, மிச்சம் இருக்கும்போது சூடு பட்டால், பாஸ்ஜீன் என்ற நச்சுவாயு உண்டாகும். டப்பாவில் எழுதியிருப்பதைப் படியுங்கள்.

பிரேக், டயர், வயரிங்

பெடல் கெட்டியாக இருக்கிறது என்பதால் பிரேக் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. டாட் 4 என்ற ரகப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்காது. ஈரம் குடித்த பிறகு அது 155 அளவுக்கு இறங்கலாம். ஷெட்டைச் சுற்றி ஒரு ரவுண்டில் ஒன்றும் தெரியாது. நீண்ட இறக்கத்தில் பெடல் தரைக்குப் போகும். ஆயிலை மட்டும் மாற்றாமல் ரப்பர் ஹோஸையும் மாற்றுங்கள். உள்ளுக்குள் வீங்கிய ஹோஸ் அழுத்தத்தை உள்ளே விடும், திரும்பி வர விடாது. சக்கரம் பிடித்துக்கொண்டே ஓடும். டாட் 5 என்பது சிலிக்கான். அதை மற்றவற்றோடு கலக்கக் கூடாது. டாட் 5.1 பெயரில் மட்டும்தான் அதற்குச் சொந்தம், ரகம் டாட் 4-இன் ரகம். பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம் என்பதால் தூசியைக் கம்ப்ரஸர் காற்றால் ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

டயரில் பட்டன் புதிது மாதிரி இருக்கும், ஏமாறாதீர்கள். பக்கவாட்டில் நாலு இலக்கம் பாருங்கள்: 2314 என்றால் 2014-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பத்து வருஷம் தாண்டியதை ஷெட்டுக்குள் தள்ளி நகர்த்த மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

வயரிங்கில் பலர் பாகம் பாகமாக மாற்றிப் பார்ப்பார்கள். பழைய காரில் பாதிப் பேய் எர்த்தில்தான் குடியிருக்கும். பாடியோடு சேரும் எர்த் முனைகளைக் கழற்றி, உலோகம் மின்னும்வரை தேய்த்து மாட்டுங்கள். விளக்கு மங்குவது, மீட்டர் ஆடுவது எல்லாம் அதிலேயே தீரலாம். ஃபியூஸ் அடிக்கடி போனால் 15 ஆம்பியர் இடத்தில் 30 போடாதீர்கள். அப்படிப் போட்டால் ஃபியூஸுக்குப் பதில் வயர் எரியும்.

பெயின்ட்டையும் டர்போவையும் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டும் கடைசி. புது பெயின்ட் அடித்த காரில் எஞ்சினை இறக்கி ஏற்றுவதும், ஒரு சொட்டுப் பிரேக் ஆயில் சிந்தி அதை உரித்துவிடுவதும் பார்க்கச் சகிக்காது. நிற்கத் தெரியாத காருக்குக் கூடுதல் வேகம் எதற்கு?

முதல் ஓட்டம் சின்னதாக இருக்கட்டும். நடை வேகத்தில் பிரேக்கை நாலு தடவை பிடித்துப் பார்த்துவிட்டு வெளியே போங்கள். 50 கிலோமீட்டர் ஓடியதும் சக்கர நட்டுகளை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் மறுபடி இறுக்கிப் பாருங்கள். அன்று ராத்திரி காருக்கு அடியில் ஒரு பழைய அட்டையை விரித்து வையுங்கள். காலையில் பழுப்புச் சொட்டு முன்பக்கம் இருந்தால் எஞ்சின் ஆயில், பச்சையோ ஆரஞ்சோ என்றால் கூலன்ட். வார இறுதிவரை காத்திருக்கலாம், அளவை மட்டும் தினம் பாருங்கள். சக்கரத்தின் உள்பக்கம், வெளிர் மஞ்சளாக, வழவழவென்று ஈரம் இருந்தால் அது பிரேக் ஆயில். அதை அடைக்கும்வரை கார் ஷெட்டை விட்டு நகரக் கூடாது.