விதை நெல் உப்புத் தண்ணீரில் பிளாஸ்டிக் சோதனை

அடர்த்திப் பாடத்துக்கு இரும்பு ஆணியும் மரக்கட்டையும் வேண்டாம். எது மூழ்கும் என்று பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும். பிளாஸ்டிக்கை எடுத்தால் வகுப்பே இரண்டாகப் பிரிந்து சண்டை போடும்.

சேகரிக்க வேண்டியவை: தண்ணீர் பாட்டிலின் உடல் (பெட், PET என்ற பிளாஸ்டிக்), எண் 2 போட்ட ஷாம்பு பாட்டில் (கெட்டிப் பாலித்தீன்), எண் 5 போட்ட சாப்பாட்டு டப்பா (பாலிபுரொப்பிலீன்), பழைய சி.டி. பெட்டி (பாலிஸ்டைரீன்), மோட்டார் கொட்டகையில் கிடக்கும் பி.வி.சி. குழாய்த் துண்டு. எல்லாவற்றையும் நகம் அளவுக்கு வெட்டுங்கள். சி.டி. பெட்டி சில்லு சில்லாகத் தெறிக்கும், அதை நீங்களே துணியில் சுற்றி உடைத்துவிடுங்கள். தெர்மாகோல் கூடாது. அதுவும் பாலிஸ்டைரீன்தான், ஆனால் உள்ளே இருக்கும் காற்றால்தான் மிதக்கும்.

முதலில் சாதாரணத் தண்ணீர். துண்டுகளைப் போட்டதும் குச்சியால் ஒருமுறை அழுத்தி முக்குங்கள், பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விடுங்கள். இல்லையென்றால் ஒட்டிக்கொண்ட காற்றுக் குமிழியும் பரப்பு இழுவிசையும் சேர்ந்து பெட் துண்டைக்கூட மிதக்கவைத்துவிடும். தண்ணீரின் அடர்த்தியை 1 என்று வைத்தால், பாலித்தீனும் (0.95) பாலிபுரொப்பிலீனும் (0.90) மேலே நிற்கும். மற்ற மூன்றும் கீழே.

அடுத்ததுதான் எனக்குப் பிடித்த கட்டம். எங்கள் மன்னார்குடிப் பக்கம் விதை நெல்லைத் தேர்ந்தெடுப்பதற்கு முட்டை மிதக்கும் பதம் வரை தண்ணீரில் உப்பைக் கரைப்பார்கள். பதர் மேலே வரும், திரண்ட நெல் அடியில் தங்கும். அதே கரைசலை வகுப்பில் செய்யுங்கள். சத்துணவுக் கூடத்தில் வேகவைக்காத புது முட்டை ஒன்று கேட்டு வாங்குங்கள். பழைய முட்டை வெறும் தண்ணீரிலேயே மிதந்து மானத்தை வாங்கும். ஒரு லிட்டர் தண்ணீரில் முட்டையையும் மூழ்கிய மூன்று துண்டுகளையும் போட்டு, வேதாரண்யம் உப்பைப் பொடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டே வாருங்கள். எது முதலில் எழும் என்று எழுதி வைக்கச் சொல்லுங்கள். 80 கிராம் தாண்டும்போது சி.டி. பெட்டித் துண்டு கிளம்பும், அதன் அடர்த்தி சுமார் 1.05. முட்டைக்கு இன்னும் உப்பு வேண்டும். 150 கிராமில் கரைசல் 1.09 அளவுக்கு வந்துவிடும், அதற்குள் முட்டையும் எழுந்துவிடும். நாகப்பட்டினம் கடல் தண்ணீரில் மிதக்குமா என்று யாராவது கேட்பார்கள். அது 1.025தான், சி.டி. பெட்டி மூழ்கும்.

கடைசியாக நல்லெண்ணெய் (சுமார் 0.92). முன்னால் செய்தால் துண்டெல்லாம் பிசுக்காகிவிடும். தண்ணீரில் மிதந்த இரண்டு துண்டுகளையும் ஈரம் போகத் துடைத்துப் போட்டால் பாலிபுரொப்பிலீன் மெதுவாக மேலே வரும், பாலித்தீன் இறங்கும். பால் பாக்கெட் பிளாஸ்டிக்கைப் போடாதீர்கள். அதன் அடர்த்தியும் கிட்டத்தட்ட எண்ணெய் அளவுதான், அந்தரத்தில் நின்று குழப்பும்.

பெட்டும் (1.38) பி.வி.சி.யும் (சுமார் 1.4) மட்டும் பிரியாது. உப்பு கரையும் மட்டும் கரைத்தாலும் 1.2க்கு மேல் ஏறாது. மறுசுழற்சி ஆலைகளுக்கும் இதே தொல்லைதான், பாட்டில் மூடியைத் தண்ணீர்த் தொட்டியிலேயே பிரித்துவிடலாம், பி.வி.சி. பெட்டோடு அடியிலேயே கிடக்கும். எரித்துப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், பி.வி.சி. புகையில் ஹைட்ரஜன் குளோரைடு வரும்.

முடிந்ததும் உப்புத் தண்ணீரைச் செடிக்கு ஊற்ற விடாதீர்கள். அகலமான தட்டில் வெயிலில் வைத்தால் உப்பு திரும்பக் கிடைக்கும், அடுத்த பிரிவுக்கு அதுவே ஆகும்.